கூழுக்கும் மீசைக்கும், ரெண்டில் ஒன்று, ரெண்டுங்கெட்டான்

ஆங்கிலத்தில் 'போத்', 'ஐதர்', 'நைதர்' என்று மூன்று சொற்கள் உண்டு. பார்க்கச் சின்னச் சொற்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஊர்ப் பிள்ளைகளைப் போல இந்த மூன்று சொற்களையும் வைத்து மார்க் வாங்கத் தெரிந்தவர்கள் கிடையாது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், பின்னால் 'ஆண்ட்' இருந்தால் 'போத்', 'ஆர்' இருந்தால் 'ஐதர்', 'நார்' இருந்தால் 'நைதர்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம். ஜோடியைக் கண்டால் போதும், மார்க் வந்துவிடும்.

அதே பிள்ளை வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, ஒரு நாள் பேங்க் படிவத்தில் 'ஐதர்' என்ற சொல்லைப் பார்க்கும்போது, அது தன்னிடம் என்ன கேட்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறது. நம்மில் பலரும் அப்படித்தான் போட்டிருக்கிறோம். என் கட்சி இதுதான்: இந்த மூன்று சொற்களும் கடினமானவை அல்ல. தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு இவற்றைச் சொல்லிக்கொடுத்ததால்தான் கடினமாகிவிட்டன. தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று பளிச்சென்று தெரியும். அதைத் தெரிந்துகொள்வது பரீட்சைக்குப் போகும் பேரனை விட, மாத்திரையும் டெபாசிட்டும் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு அவசியம்.

முதலில் ஒரு சில்லறைச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'ஐதர்' என்பதா, 'ஈதர்' என்பதா என்று இன்னமும் கேட்கிறார்கள். இரண்டும் சரி. இங்கிலாந்தில் 'ஐதர்' அதிகம், அமெரிக்காவில் 'ஈதர்' அதிகம். இரண்டில் எதைச் சொன்னாலும் சரி என்பதுதானே அந்தச் சொல்லுக்கே அர்த்தம்!

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த மூன்று கருத்துகளும் நமக்குப் புதியவை அல்ல. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்கிறோம். அதுதான் 'போத்'. இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும். வரப்புத் தகராறு முற்றினால் 'இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்' என்று வேட்டியை மடித்துக் கட்டுகிறோம். அதுதான் 'ஐதர்'. இதுவாவது, அதுவாவது. படிப்பும் ஏறாமல் தொழிலும் படியாமல் திரிகிறவனை 'ரெண்டுங்கெட்டான்' என்கிறோம். 'நைதர்' என்பதற்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எந்த அகராதியிலும் இல்லை. இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

ஆக, 'உம்' போட்டால் 'போத்'. 'ஆவது' போட்டால் 'ஐதர்'. 'உம்' போட்டு 'இல்லை' என்று முடித்தால் 'நைதர்'. எடப்பாடி பஸ்ஸும் மேட்டூர் பஸ்ஸும் வந்தன. எடப்பாடி பஸ்ஸாவது மேட்டூர் பஸ்ஸாவது வரும். எடப்பாடி பஸ்ஸும் வரவில்லை, மேட்டூர் பஸ்ஸும் வரவில்லை. இந்த மூன்று வாக்கியத்தில் பாடம் முக்கால்வாசி முடிந்தது.

மீதி கால்வாசியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று எண்ணிக்கை. இன்னொன்று 'இல்லை' வந்து உட்காரும் இடம்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். இந்த மூன்று சொற்களும் இரண்டுக்கு மட்டுமே உரியவை. மூன்று ஆகிவிட்டால் 'போத்' போய் 'ஆல்' வர வேண்டும், 'ஐதர்' போய் 'எனி' வர வேண்டும், 'நைதர்' போய் 'நன்' வர வேண்டும். இரண்டு மகன்களில் ஒருவரும் வரவில்லை என்றால் 'நைதர்'. மூன்று மகன்களில் ஒருவரும் வரவில்லை என்றால் 'நன்'. தமிழில் நாம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் ஆனாலும் இருபது பேர் ஆனாலும் 'ஒருவரும் வரவில்லை'தான்.

ஆங்கிலத்துக்கு ஏன் இந்த இரண்டின் மேல் தனிப் பிரியம்? சம்ஸ்கிருதத்தில் ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று எண் உண்டு. தமிழில் ஒருமையும் பன்மையும் மட்டும்தான். ஆங்கிலத்திலும் இன்று அப்படித்தான். ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'நாம் இருவர்', 'நீங்கள் இருவர்' என்று சொல்லத் தனி இடப்பெயர்கள் இருந்தன. பிறகு அவை வழக்கொழிந்தன. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினாலும் வாசல் நிலையையும் ரெண்டு தூணையும் எடுத்து வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அது போல இரண்டைக் குறிக்கும் சில சொற்கள் மட்டும் மிஞ்சிவிட்டன. 'போத்', 'ஐதர்', 'நைதர்' அந்தக் கூட்டம். 'வெதர்' என்ற சொல்லுக்கும் ஆதியில் 'இரண்டில் எது' என்றுதான் பொருள். 'பிட்வீன்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இரண்டு' ஒளிந்திருக்கிறது. இந்தக் கதையை ஒரு முறை சொல்லிவிட்டால் 'மூன்று பேரில் ஐதர்' என்று எந்தப் பிள்ளையும் எழுதாது. ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் விதி இருக்கும். விதியைவிடக் கதைதான் மனத்தில் நிற்கும்.

அடுத்தது 'இல்லை'. இங்கேதான் நிஜமான பள்ளம் இருக்கிறது.

தமிழில் 'இல்லை' எப்போதும் கடைசியில்தான் வரும். 'ரெண்டு பேரும்' என்று ஆரம்பித்து, ஊர்க்கதை எல்லாம் சொல்லி, முடிவில் 'வரலீங்க' என்று முடிக்கலாம். கேட்பவருக்கு ஒருவரும் வரவில்லை என்று விளங்கிவிடும். ஆங்கிலம் அப்படி இல்லை. ஒருவரும் இல்லை என்றால் முதல் சொல்லிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். 'நைதர் ஆஃப் தெம் கேம்'. 'நைதர்' என்பதற்குள் 'இல்லை' அடங்கிவிட்டதால் வினைச்சொல்லில் மறுபடியும் 'நாட்' கூடாது.

நாம் என்ன செய்கிறோம்? தமிழ் வாக்கியத்தை அப்படியே எடுத்து 'போத் ஆஃப் தெம் டிட் நாட் கம்' என்று எழுதுகிறோம். நமக்குள் பேசிக்கொள்ளும்போது வம்பில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை வேறு ஊர்க்காரர் ஒருவர் படித்தால் 'இருவரும் சேர்ந்து வரவில்லை, ஒருவர் மட்டும் வந்திருப்பார் போல' என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஒருவரும் வரவில்லை என்பதற்கும் ஒருவர் வந்தார் என்பதற்கும் எவ்வளவு தூரம்!

இது ஏதோ ஆங்கிலத்தின் வீண் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 'உம்' என்ற ஒரு இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் உண்டு என்று தொல்காப்பியமும் நன்னூலும் கணக்குச் சொல்கின்றன. எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். தமிழ் ஐயாவிடம் குட்டு வாங்கிப் படித்தவர்களுக்கு இன்னமும் மறந்திருக்காது. 'இருவரும்' என்பதில் வருவது முற்றும்மை. மிச்சம் இல்லாமல் முழுவதையும் சொல்வது. இந்த முற்றும்மை சில இடங்களில், குறிப்பாக எதிர்மறை வினையோடு சேரும்போது, எச்சமாகவும் பொருள் தரக்கூடும் என்று அதே நூல்கள் சொல்கின்றன. 'எல்லாரும் வரவில்லை' என்றால், சிலர் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். 'பத்தையும் கொடுக்காதே' என்றால் கொஞ்சம் கொடு, கொஞ்சம் மிச்சம் வை என்றும் கொள்ளலாம்.

பாருங்கள், ஆங்கில வகுப்பில் நாம் தடுமாறும் அதே இடத்துக்கு நம் இலக்கணம் பலநூறு வருஷத்துக்கு முன்பே கல் நட்டு வைத்திருக்கிறது. தமிழ் வகுப்பில் நன்னூலும் அடுத்த மணியில் ஆங்கில இலக்கணமும் நடக்கிறது. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டி இரண்டையும் சேர்த்துக் காட்ட ஆள் இல்லை.

இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். எண்பது வயதைத் தொடும் பெரியவர் ஒருவர். ரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேலத்தில் புதிதாக ஒரு மருத்துவரிடம் காட்டியபோது வேறு ஒரு மாத்திரையும் சேர்ந்தது. சீட்டின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துச் சாப்பிட வேண்டாம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பது மருத்துவர் மனத்தில் இருந்தது. எழுதியது 'டோன்ட் டேக் போத்' என்று மூன்றே சொல். கல்லூரியில் படிக்கும் பேத்தி அதை அழகாக வாசித்து, 'ரெண்டு மாத்திரையும் சாப்பிட வேண்டாமாம் தாத்தா' என்று தமிழில் சொல்லிவிட்டாள். பெரியவர் நாலு நாள் எதையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் தலை சுற்றி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, அதோடு போயிற்று.

இதில் யார் மேல் குற்றம்? பேத்தி தப்பாகப் படிக்கவில்லை. மருத்துவரும் தப்பாக எழுதவில்லை. 'ரெண்டையும் சாப்பிட வேண்டாம்' என்பதற்கும் 'ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம்' என்பதற்கும் நடுவில் ஒரு 'சேர்த்து' விட்டுப்போயிற்று. அவ்வளவுதான். மாத்திரை விஷயத்தில் என் யோசனை, 'ரெண்டும்' என்ற சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அங்கேயே நின்று இன்னொரு தடவை கேளுங்கள். 'ஒண்ணு சாப்பிடலாங்களா, ஒண்ணுமே கூடாதுங்களா?' என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த மூன்று சொற்களையும் துல்லியமாகப் பிடித்து வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. நம் அரசியல் சட்டம். நாடாளுமன்றத்துக்கு மக்களவை, மாநிலங்களவை என்று சரியாக இரண்டு அவைகள் இருப்பதால் இந்தச் சொற்களுக்கு அங்கே வேலை அதிகம். 101-ஆம் பிரிவு, ஒருவர் 'போத்' அவைகளிலும் உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது. 88-ஆம் பிரிவு, ஓர் அமைச்சர் 'ஐதர்' அவையிலும் எழுந்து பேசலாம் என்கிறது. தான் எந்த அவையின் உறுப்பினராக இருந்தாலும் சரி. 75-ஆம் பிரிவு, 'ஐதர்' அவையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் தொடர்ந்து ஆறு மாதம் அப்படியே இருந்தால் அமைச்சர் பதவி போய்விடும் என்கிறது. 'நாட்' என்பதும் 'ஐதர்' என்பதும் சேர்ந்தால் 'நைதர்' என்று அர்த்தம்.

முதல் விதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஒருவர் இரண்டு அவைகளிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது.' எந்த அவையிலுமே இருக்கக் கூடாதோ என்று ஒரு கணம் தோன்றுகிறது அல்லவா? 'ஒரே சமயத்தில்' என்று இரண்டு சொல் சேர்த்தால்தான் தமிழில் அது தெளிவாகிறது. பெரியவரின் மாத்திரைச் சீட்டில் விட்டுப்போன 'சேர்த்து' போலத்தான் இதுவும்.

மூன்றாவது விதிக்கு நம் நினைவில் இருக்கும் மனிதர்களே உதாரணம். 1991-ல் பிரதமரானபோது நரசிம்ம ராவ் எந்த அவையிலும் இல்லை. பிறகு நந்தியால் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்கு வந்தார். 1996-ல் தேவ கவுடாவும் அப்படித்தான். அவர் மாநிலங்களவை வழியாக வந்தார். மாநிலத்துக்கும் இதே ஆறு மாதக் கெடு உண்டு. அப்போது நம் மாநிலத்திலும் சட்டசபை, மேல்சபை என்று இரண்டு இருந்தன. மேல்சபை 1986-ல்தான் போயிற்று. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானபோது அவர் மக்களவை உறுப்பினர். இங்கே இரண்டு சபைகளிலும் இல்லை. பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்துச் சட்டசபைக்கு வந்தார். 1967 மார்ச்சில் அண்ணா பதவி ஏற்றபோது தென்சென்னையில் ஜெயித்த மக்களவை உறுப்பினர். இங்கே சட்டசபையிலும் இல்லை, மேல்சபையிலும் இல்லை. பிறகு மேல்சபை உறுப்பினரானார். 'நைதர்' என்ற சொல்லுக்கு உதாரண வாக்கியம் வேண்டும் என்றால் 'ராமுவும் சோமுவும்' எதற்கு? காமராஜரையும் அண்ணாவையும் வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒரே கல்லில் வரலாறும் வந்துவிடும்.

அண்ணாவைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1965 ஜனவரியை நம் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தில், இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்பதற்கு 'மே' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே என்ற பயம் அப்போதே எழுந்தது. அந்தப் பயத்துக்கும் கொந்தளிப்புக்கும் பிறகு 1967-ல் சட்டம் திருத்தப்பட்டது. மத்திய அரசின் தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் போன்றவற்றுக்கு இந்தி, ஆங்கிலம் 'போத்' மொழிகளும் கட்டாயம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று 3-ஆம் பிரிவில் எழுதினார்கள். அங்கே 'மே' இல்லை, 'ஷால்' இருக்கிறது. அந்த இடத்தில் 'போத்' இல்லாமல் 'ஐதர்' என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றில் எழுதினால் போதும் என்று ஆகியிருக்கும். அந்த ஒன்று எதுவாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பேங்குக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு 'ஐதர்' என்ற சொல் உண்மையில் வாழ்க்கையோடு மோதும் இடம் அதுதான்.

கணவன் மனைவி சேர்ந்து கணக்கு வைத்தால், யார் பணம் எடுக்கலாம் என்று படிவத்தில் கேட்பார்கள். 'ஜாயிண்ட்லி' என்றால் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம். அது 'போத்'. 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் ஒருவர் போதும். ஒருவர் காலமாகிவிட்டால் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று இன்னொன்று உண்டு. இந்த ஃபார்மர் விவசாயி அல்ல! நம் பக்கத்தில் சிலர் 'நாங்க விவசாயக் குடும்பந்தானுங்களே' என்று அதில் டிக் போட்டிருக்கிறார்கள். 'ஃபார்மர்' என்றால் முதலில் பெயர் எழுதியவர். அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டும்தான் பணத்தைத் தொட முடியும். இரண்டாவது பெயர்க்காரர் அவர் காலத்துக்குப் பிறகுதான். பெரும்பாலும் அந்த இரண்டாவது பெயர் மனைவியினுடையதாக இருக்கும். பாஸ்புக்கில் தன் பெயரைப் பார்த்து நிம்மதியாக இருக்கும் அம்மாக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சேமிப்புக் கணக்கில் 'ஐதர்' என்றால் 'ஐதர்'தான். ஆனால் ஃபிக்ஸட் டெபாசிட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதிர்வுத் தேதி வந்தபின் இருவரில் ஒருவர் போய் வாங்கிக்கொள்ளலாம். தேதிக்கு முன்னால் உடைக்க வேண்டும் என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். ரசீதில் 'ஐதர்' என்று அச்சடித்திருக்கும். அவசரத்துக்குப் போனால் 'போத்' என்பார்கள்.

எங்கள் ஊரில் தறி ஓட்டிப் பிழைத்த தம்பதி ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்காரரை மூளையில் ரத்தக் கசிவு என்று சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நினைவில்லை. அந்த அம்மா ரசீதை எடுத்துக்கொண்டு பேங்குக்கு ஓடினார். 'ஐதர்னு போட்டிருக்குதுங்களே, நான் கையெழுத்துப் போடறனுங்க' என்று கேட்டிருக்கிறார். 'அது முதிர்வுக்குத்தாங்க அம்மா. இப்ப உடைக்கிறதுன்னா அவர் கையெழுத்தும் வேணும்' என்று பதில். கையெழுத்துப் போட வேண்டியவர் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். கடைசியில் கழுத்தில் இருந்ததை அடகு வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். பேங்க்காரர் விதிப்படிதான் நடந்தார். ஆனால் அந்த விதியைக் கணக்குத் தொடங்கிய அன்று தமிழில் ஒரு வாக்கியமாக யாராவது சொல்லியிருந்தால் அந்த அம்மா இப்படி அலைந்திருக்க வேண்டியதில்லை.

இருவரில் ஒருவர் காலமாகிவிட்டாலும் இதே சங்கடம்தான். தேதிக்கு முன் உடைக்க, காலமானவரின் வாரிசுகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு மகள் ஓசூரில், ஒரு மகன் துபாயில் என்றால் அந்த அலைச்சலை நினைத்துப் பாருங்கள். இதற்கு மாற்று உண்டு. டெபாசிட் போடும்போதோ, அது நடப்பில் இருக்கும்போதோ, 'எங்களில் ஒருவர் காலமானால், மற்றவர் தேதிக்கு முன்னாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்து வைக்கலாம். ரிசர்வ் வங்கி இதை அனுமதித்திருக்கிறது. ஒரே ஒரு தாள். இருவரும் நடமாடிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிட வேண்டிய தாள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குத் தொடங்கும் படிவம், பாஸ்புக் போன்றவை ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதுதான். 'தமிழ்ப் படிவம் கொடுங்க' என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல. 'இருவரில் ஒருவர்' என்று தமிழில் படித்தாலே, 'எப்போதும் ஒருவர் போதுமா?' என்ற அடுத்த கேள்வி தானாக வரும். 'ஐதர்' என்று படித்தால் வராது.

வகுப்பறைக்குத் திரும்பி, பேரன் பேத்திகளுக்கு நீங்களே சொல்லித்தரக்கூடிய சில குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

'போத்' என்றால் பன்மை வினை, சந்தேகமே இல்லை. 'ஐதர்', 'நைதர்' இரண்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சொற்கள். அதனால் ஒருமை. 'நைதர் பஸ் ஹேஸ் கம்'. நடுவில் 'ஆஃப்' வந்தால் பெயர்ச்சொல் பன்மையாகும், வினை ஒருமையாகவே நிற்கும். 'நைதர் ஆஃப் த பஸ்ஸஸ் ஹேஸ் கம்'. பேச்சில் 'ஹேவ்' என்பார்கள், பரீட்சையில் 'ஹேஸ்' எழுதச் சொல்லுங்கள். 'நைதர்' ஒரு பெயர், 'நார்' இன்னொரு பெயர் என்று வந்தால் வினை தனக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் நடக்கும். அப்பாவும் வரவில்லை மகன்களும் வரவில்லை என்றால் பக்கத்தில் மகன்கள், ஆகவே 'ஹேவ்'.

'போத்' என்று ஆரம்பித்துவிட்டு 'ஆஸ் வெல் ஆஸ்' என்று முடிப்பது நம் ஊர் மேடைகளில் அதிகம். 'போத்' கேட்பது 'ஆண்ட்' மட்டும்தான். ஜோடி மாறக்கூடாது.

'எனக்கும் தெரியும்' என்பது 'ஐ நோ டூ'. 'எனக்கும் தெரியாது' என்பது 'ஐ டோன்ட் நோ ஐதர்'. தமிழில் இரண்டிலும் அதே எச்சவும்மைதான். 'தெரியும்' என்றால் அது ஆங்கிலத்தில் 'டூ' ஆகிறது, 'தெரியாது' என்றால் 'ஐதர்' ஆகிறது. 'ஐ ஆல்சோ டோன்ட் நோ' என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

'ஆன் ஐதர் சைட் ஆஃப் த ரோட்' என்று வந்தால் சாலையின் ஏதோ ஒரு பக்கம் என்று பொருள் அல்ல, இரு பக்கமும். 'ஐதர்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'இரண்டில் ஒவ்வொன்றும்' என்றுதான் பொருள். அதன் மிச்சம் இது. புளியமரம் இருபுறமும் நின்ற பழைய சாலைகளை நினைத்துக்கொண்டால் மறக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆங்கிலம் பேசுகிறவர்களைத் திருத்துவது என் நோக்கம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சந்தையில், டீக்கடையில், போனில் 'போத் நாட் கேம்' என்று யார் சொன்னாலும் எனக்கு விளங்குகிறது, அவருக்கும் விளங்குகிறது. பேச்சில் ஒன்று விளங்காவிட்டால் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கேட்கலாம். காகிதத்துக்கு முகம் இல்லை. அதை எழுதியவர் பக்கத்தில் இருக்க மாட்டார். அதைக் கையில் வைத்திருப்பவர், தனக்குச் சாதகமான பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். அதனால்தான் பேச்சில் தாராளமாகவும் காகிதத்தில் கஞ்சத்தனமாகவும் இருக்கச் சொல்கிறேன்.

எந்தக் காகிதமானாலும், பேங்க் படிவமோ, பாகப்பிரிவினைப் பத்திரமோ, மருந்துச் சீட்டோ, 'இருவர்' அல்லது 'இரண்டு' என்று வரும் இடத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். ஒருவர் போதுமா? இருவரும் வேண்டுமா? ஒருவர் இல்லாமல் போனால் என்ன? மூன்றுக்கும் பதில் தமிழில் கிடைத்த பிறகு பேனாவைத் திறங்கள்.

இந்த வாரம் பீரோவைத் திறந்து உங்கள் டெபாசிட் ரசீதுகளை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். இந்த விஷயத்துக்கு 'ஐதர்' போதாது, 'போத்' வேண்டும்.